வெளிறிய மலையும் தள்ளி நிற்கும் கடலும்

ஒரே கறுப்புச் சாயத்தையும் தண்ணீரையும் வைத்துக்கொண்டு மலை, பனி, கடல் எல்லாம் வரைகிற வேலை என்னுடையது. தூரிகை பட்டால் பட்டதுதான், அழிக்க முடியாது. இதே பாடு படுகிறவர்களுக்கு என் பயம் சொல்லாமலே விளங்கும்.

முற்றத்து மலை

தக்கலையில் ஒரு வக்கீல் வேளிமலையை வரையச் சொன்னார். முன்னால் நிற்கும் தென்னைகளுக்கு அடர்ந்த கறுப்பு, கடைசி மலைக்குக் கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். தூரம் அப்படித்தான் வரும். பாதியில் பார்க்க வந்தவர், மலை வெளிறிக் கிடக்கிறதே என்றார். பயந்துபோய், அவர் போனதும் மலைக்கு இன்னொரு பூச்சு கொடுத்தேன். படம் வாங்க வந்தவர் வெகுநேரம் பார்த்தார். “சாரே, மலை இப்பம் எங்க வீட்டு முற்றத்துல வந்து நிக்குதே.”

அருமனைப் பனி

அருமனை ரப்பர்த் தோட்டத்துக் காலைப் பனியை வரைந்துகொண்டிருந்தேன். ஈரத்தாளின் மினுமினுப்பு மறைவதற்குள் மரங்களை இட வேண்டும். முந்தினால் கரைந்தோடும், பிந்தினால் கோடு விழும். சரியாக அப்போது போன் அடித்தது. வாரத்தில் வெள்ளிக்கிழமை ஒருநாள்தான், அந்த நேரத்தில், துபாயிலிருந்து மச்சினன் கூப்பிடுவான். மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். நான் எடுக்கவில்லை. ஈரத்தலையோடு வந்தவள் படத்தையும் போனையும் பார்த்தாள். “அருமனையில பனி நாளைக்கும் விழும். எந் தம்பி நாளைக்கு விளிப்பானா?”

கடல் நிற்கும் இடம்

சுனாமி வந்துபோய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கோட்டாற்றில் மீன் விற்கும் பிலோமினா, கரையிலிருந்த தன் பழைய வீட்டை வரையச் சொன்னார். வீட்டோடு கணவரும் போயிருந்தார்; போட்டோ ஒன்றும் மிஞ்சவில்லை. அவர் சொல்லச்சொல்ல வாசல், கட்டுமரம், இரண்டு தென்னை என்று குறித்துக்கொண்டேன்.

முதல் படத்தில் கடல் கறுத்து, வீட்டை ஒட்டி நின்றது. பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடலே இல்லாமல் வரையட்டுமா என்று கேட்டேன். அதுலதானே எங்க வீட்டுக்காரர் பிழைப்பு நடத்தினார், அது இல்லாமல் எப்படி என்றார்.

நான்கு தாள் பாழானது. ஐந்தாவதில் வாசலைக் கறுப்பாக்கினேன், மணலைச் சாம்பலாக்கினேன், கடலுக்குத் தண்ணீரையே பூசி வானத்தோடு சேர்த்துவிட்டேன். அவருடைய புது வீட்டுக்குக் கொண்டுபோனேன். படத்திலிருந்த வாசலை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “இப்பம் சரி. கடல் அது நிக்க வேண்டிய இடத்துல நிக்கு.”

படம் காய அரைமணி நேரம் போதும். வரைந்தவனின் உள்ளங்கை வேர்வை காயத்தான் நாள் கணக்காகிறது.