மூன்றாம் வரிசையில் செய்த கேமரா

செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல எங்கள் கேமராவை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார் ஃபோக். புகைப்படச் சங்கத்தின் செயலாளர். "இதுவா? இது பொம்மை!" என்றார். மண்டபமே சிரித்தது. பத்தொன்பது வருஷம் ஆகிறது. நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அந்தப் பொம்மையின் உடம்பை வார்த்தவன் நான். விமான நிலையத்தை ஒட்டிய சான் போ காங்கில், ஒரு தொழிற்சாலையின் ஐந்தாவது மாடியில், பிளாஸ்டிக் உருக்கும் இயந்திரத்தில் எனக்கு வேலை. லென்ஸைப் பொருத்தியவள் மோக் யூக்-லான். நான் லான் அக்கா என்பேன். அவள் என்னை மரமண்டை என்பாள். லென்ஸும் பிளாஸ்டிக்தான். பின்மூடி ஒழுங்காக மூடாது. வெளிச்சம் உள்ளே புகாமல் கறுப்பு டேப் ஒட்ட வேண்டும். கப்பலேறி வெளிநாட்டுக் குழந்தைகளுக்குப் போகும்.

கழித்துப் போட்டதில் ஒன்றை சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி அக்கா படம் எடுக்க ஆரம்பித்தாள். எடுப்பதெல்லாம் கேமரா செய்யும் எங்கள் மூன்றாம் வரிசைப் பெண்களைத்தான். பேசிக்கொண்டே எடுப்பாள், ஃபிலிமைச் சுற்ற மறப்பாள். நல்ல கேமரா என்றால் சுற்றாமல் மறுபடி அமுக்க விடாது. எங்களுடையது எத்தனை தடவை அமுக்கினாலும் எடுக்கும். ஒரு படத்தின் மேலேயே இன்னொன்று விழும்.

மண்டபம் வரைக்கும் போன அந்தப் படமும் அப்படி விழுந்ததுதான். மொட்டை மாடியில் நின்று, இறங்கப்போகும் விமானத்தின் வயிற்றை எடுத்தாள். சுற்ற மறந்து கீழே வந்து, சோற்றுப் பெட்டியோடு உட்கார்ந்திருந்த ஆறு பேரை எடுத்தாள். கழுவி வந்ததைப் பார்த்தால், ஆறு பேர் தலைக்கும் மேலே கூரையைப் பிய்த்துக்கொண்டு விமானம் இறங்குகிறது. ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சாப்பிடுகிறார்கள்.

"இத சங்கத்துப் போட்டிக்கு அனுப்பணும்டா," என்றாள். அவளுக்கு எழுதப் படிக்க வராது. நான் நாலாம் வகுப்பு. படிவத்தில், என்ன கேமரா என்று ஒரு கட்டம் இருந்தது.

"எழுது. லென்ஸ் நான். ஸ்பிரிங் சாவ்-ஹா. டேப் ஒட்டினது ஃபூங். படத்துல இருக்கற ஆறு பேர் பேரும் வரணும்."

"அக்கா, அந்தச் சங்கத்துக்காரங்க கழுத்துல தொங்குற கேமராவப் பாத்திருக்கியா? இத எழுதினா பிரிக்காமலே குப்பையில போட்ருவாங்க."

"போடட்டும். செஞ்ச வேலையச் சொல்ல உனக்கு என்னடா வெக்கம்?"

எழுதினேன். அவள் சொன்னதை அல்ல. நேதன் ரோட்டில் கடைக் கண்ணாடிக்குள் பார்த்த ஒரு ஜெர்மன் கேமராவின் பெயரை.

இரண்டாம் பரிசு கிடைத்தது. ஃபோக் மைக்கில் சொன்னார்: "ஓரமெல்லாம் எப்படி இருட்டுக்குள்ள கரையுது பாருங்க. ஜெர்மன் லென்ஸ் இல்லாம இது வருமா?"

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன். அவள் மேடையேறி, பையிலிருந்து டேப் சுற்றிய கேமராவை எடுத்து மேசையில் வைத்தாள்.

"ஜெர்மனும் இல்ல, ஒண்ணும் இல்ல. இதுல எடுத்தேன். இத நாங்க செஞ்சோம்."

அந்த நேரம் பார்த்து விமானம் ஒன்று கூரையை உரசிக்கொண்டு போனது. யாருக்கும் கேட்கவில்லை. சத்தம் அடங்கும்வரை நின்றாள். மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

அப்போதுதான் ஃபோக் அதைத் தூக்கிக் காட்டியது. சிரிப்பு ஓய்ந்ததும் குரலைத் தாழ்த்தினார். "படம் நல்லாத்தான் இருக்கும்மா. படிவத்துல இருக்கறது அப்படியே இருக்கட்டும். வாங்கிட்டுப் போங்க."

"திருத்தி எழுதுங்க. வாங்கிக்கறேன்."

"பொம்மைக்கெல்லாம் இங்க பரிசு கிடையாது."

"அப்ப பொம்மையக் குடுங்க."

கேமராவை வாங்கிப் பையில் போட்டாள். சுவரிலிருந்த படத்தைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தாள்.

வெளியே வந்ததும் சொன்னாள்: "உங்கம்மா உன்னப் பெத்ததுக்கு ஒரு துண்டு பன்னிக்கறி வறுவலப் பெத்திருக்கலாம். சோத்துக்காவது ஆகியிருக்கும்." திட்டியது அவ்வளவுதான்.

படத்தைத் தொழிற்சாலையில், வருகை அட்டை அடிக்கும் கடிகாரத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். கூலி குறைவென்று ஆலையை எல்லைக்கு அப்பால் மாற்றும்வரை அங்கேயே இருந்தது. அவள் மகள் ஒரு ஜப்பான் கேமரா வாங்கிக் கொடுத்தாள். "எல்லாத்தையும் அதுவே பண்ணுது. நான் எதுக்கு?" என்று அக்கா திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இப்போது அந்தப் பொம்மையைத் தேடி வாங்க இளவட்டங்கள் அடித்துக்கொள்கிறார்கள். போன மாதம் அதே சங்கம் பொம்மைக் கேமராப் படங்களுக்கென்றே கண்காட்சி வைத்தது. அக்காவிடம் கேட்டு இந்தப் படத்தையும் வாங்கிப்போய் மாட்டினார்கள். அவள் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன்.

"கீழ என்ன எழுதியிருக்கான்?"

"உன் பேரு. கேமரா பேரு. செய்தவர்: தெரியவில்லைன்னு ஒரு அட்டை."

சிரிக்கப் போய் இருமினாள். இருமல் நின்றதும் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மரமண்டை, தடியா எழுதற பேனாவா ஒண்ணு எடுத்துக்க. அந்தத் தெரியவில்லைய அடி. அந்த ஆறு பேர் பேரையும் எழுது. காவலாளி தடுத்தா நான் அனுப்பினேன்னு சொல்லு. ஒடம்ப வார்த்தது நீ. உன் பேரக் கடைசியில போடு."