ஒரு சாவிக்கு ஒரு காட்சி

திருகோணமலைத் தியேட்டரில் நான் டிக்கெட் கிழித்த காலத்தில், மேலே படம் ஓட்டியவர் சிவகுருநாதன். மதராஸ் படங்களை நாளுக்கு மூன்று தரம் பார்த்து அலுத்தவர். "அழுகிறவள் எதுக்கடாப்பா மூண்டு நிமிசம் பாட்டுப் படிக்கிறாள்?" என்று கறுவுவார். ஐம்பத்தேழில் வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனபோது, ஒரு துரை தன் சின்னக் கமெராவை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனான். பிடித்தது சனி.

சாவி முறுக்கினால் அரை நிமிடம் ஓடும் கமெரா அது. சாவி தீரும்வரை நிறுத்தமாட்டார், யாரையும் நடி என்று சொல்லமாட்டார். கடற்படைக்காரர் போட்டுக் காட்டிய, தொழிலாளர் வேலை செய்வதைக் காட்டும் செய்திப் படங்களில் பார்த்துப் பழகியதோ என்னவோ, ஒருவரின் முகத்தைப் படம் பிடிக்குமுன் கையைத்தான் பிடிப்பார். ஞாயிறு தவறாமல் சைக்கிளில் சல்லி என்ற கடற்கரை ஊருக்குப் போய், தம்பிராசா என்ற மீன்பிடிகாரன் கிழிந்த வலையைப் பொத்துவதையும், மனைவி கமலேஸ்வரியைப் பார்த்துச் சிரிப்பதையும் எடுத்தார்.

அறுபத்திரண்டு மார்கழியில் தம்பிராசாவின் தோணி கவிழ்ந்தது. உடல் கரைக்கு வந்ததும் ஒரு ஞாயிறுதான். பிள்ளைத்தாய்ச்சியான கமலேஸ்வரி மண்ணில் விழுந்து கதற, இந்த மனிதர் சாவியை முறுக்கினார்.

சித்திரையில் படத்தைத் தியேட்டரில் காட்டினோம். அந்த அழுகை வந்ததும் அவளுடைய தம்பி குலசிங்கம் திரையை மறித்துக்கொண்டு நின்றான். "அக்காட ஒப்பாரியைச் சனத்துக்குக் காட்டவோ எங்கட வீட்டில தேத்தண்ணி குடிச்சனீர்?"

ஊர் இரண்டுபட்டது. இதுதான் உண்மையான படம் என்றார்கள் வாசிகசாலையில் சிலர். பிணந்தின்னி என்றார்கள் பலர். நான் சண்டைக்குப் பயந்தவன். "எரிச்சுத் துலையுங்கோ அண்ணை, சனியன் விட்டுது" என்றேன். அழுகையை மட்டும் வெட்டியிருக்கலாம். அவரோ ரோசக்காரர். "வெட்டினால் அது என்ர படமில்லை" என்று, குலசிங்கத்தின் முன்னாலேயே தியேட்டருக்குப் பின்புறத்தில் முழுவதையும் கொளுத்தினார். வேறு பிரதி கிடையாது.

குலசிங்கம் இதை வீட்டில் சொல்லவில்லை போலும். தம்பிராசா செத்து வருசம் முடிகிற ஆட்டைத் திவசத்துக்கு ஒரு கிழமை இருக்க, கமலேஸ்வரி கைக்குழந்தையோடு வந்தாள். தகப்பனைக் காணாத பிள்ளை.

"தம்பி கோவத்தில கதைச்சவன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா. படையல் வைக்க அவற்ற படம் ஒண்டும் இல்லை. அவர் சிரிக்கிற இடத்தில ஒண்டைக் கழுவித் தருவீங்களோ?"

"குலசிங்கம் கேட்டதால எரிச்சுப்போட்டம் தங்கச்சி" என்றேன் நான். சிவகுருநாதன் மேலே ஓடி, கழித்த பிலிம் துண்டுகள் போடும் பிஸ்கட் ரின்னைக் கவிழ்த்துத் தேடினார். ஒரு சாண் துண்டு அகப்பட்டது. அதையும் பூதக்கண்ணாடியையும் அவளிடம் கொடுத்தார். யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வலை பொத்தும் இரண்டு கைகள்.

"ஓம், அவற்ற கைதான்" என்று பிள்ளைக்கும் காட்டினாள். பிறகு துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"முகம் எங்க ஐயா?"

அதற்குப் பிறகு அவர் கமெராவைத் தொடவில்லை. எண்பத்தொன்றில் செத்தபோதும் ஊருக்கு அவர் பிணந்தின்னிதான். எரிக்கச் சொன்னது நான் என்று அவர் கடைசிவரை அவளுக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.