துணிக் கத்தரியில் வெட்டிய இங்கிலீஷ்

பி.ஏ. இங்கிலீஷில் மொழியியல் என்று ஒரு பேப்பர். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டுக் கள்ளக்குறிச்சிக் கல்லூரிக்குப் போன என்னை அது முதல் தடவையே கவிழ்த்துவிட்டது. கைடை வரி விடாமல் மனப்பாடம் செய்து, 'படத்துக்கு நாற்பத்திரண்டாம் பக்கம் பார்க்க' என்பதையும் சேர்த்துப் பரீட்சையில் எழுதியவள் நான். பிறகு எப்படிப் பாஸாவது?

"இன்னொரு வாட்டி போச்சுன்னா வூட்லயே இரும்மா. பொண்ணு கேட்டுக்கினு இருக்காங்க" என்றார் அத்தா. சின்னசேலத்தில் தையல் கடை வைத்திருந்தார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஊசியில் நூல் கோத்தபடி சாதாரணமாகச் சொன்னார்.

மறுநாள் மதியம் அவர் தொழுகைக்குப் போயிருந்தார். கடையில் உட்கார்ந்து, பாடத்தில் இருந்த சொற்களைக் காலண்டர் தாளில் பெரிதாக எழுதி, மேஜையில் கிடந்த கத்தரியால் வெட்டினேன். 'அன்ஹேப்பினெஸ்' மூன்று துண்டானது. 'ஹேப்பி' தனியாக நின்றது. 'அன்'னும் 'நெஸ்'ஸும் நிற்கவில்லை. 'நெஸ்'ஸை எடுத்து 'கைண்ட்' பக்கத்தில் வைத்தேன், இன்னொரு சொல் வந்துவிட்டது! ருசி பிடித்துக்கொண்டது. 'டீச்சர்' ஒழுங்காகப் பிரிந்தது. 'டெய்லர்' வெட்டினால் 'டெய்ல்', அதாவது வால். அத்தாவுக்கு ஏது வால்? அங்கே மட்டும் ஏன் பிரியவில்லை? மனப்பாடம் செய்த நாளில் ஒரு தடவைகூட எனக்கு இந்த 'ஏன்' வந்ததில்லை.

"துணிக் கத்திரில பேப்பரையா வெட்டிக்கினு இருக்கே!"

வாசலில் அத்தா. காகிதம் வெட்டினால் கத்தரி மழுங்கிவிடும். தையல்காரர் வீட்டில் அதைவிடப் பெரிய குற்றம் இல்லை. பெருநாளுக்கு நாலு நாள்தான் இருந்தது. ஒரு துணியில் வைத்துப் பார்த்தார். கத்தரி மென்று துப்பியது. தெருவே கேட்கத் திட்டினார். நான் அழுதேன். கடைசியில் 'நெஸ்' எழுதிய காகிதத் துண்டை எடுத்து, "இது இன்னா?" என்றார்.

"ஒட்டு அத்தா. தனியா நிக்காது."

"காலர் மாதிரியா? சட்டை இல்லாம காலரை மட்டும் எவன் போடுவான்?" என்று முனகிக்கொண்டே சாணை பிடிக்கப் போனார்.

பரீட்சையில் கைடிலேயே இல்லாத சொல் ஒன்றைப் பிரிக்கச் சொன்னார்கள். பிரித்தேன். காலரையும் சட்டையையும் உதாரணமாக எழுதினேன்.

பாஸ் என்று சொன்ன அன்று அத்தா மாப்பிள்ளைப் பேச்சை எடுக்கவில்லை. டிராயரைத் திறந்து, பிடியில் சிவப்பு நூல் சுற்றிய பழைய கத்தரி ஒன்றைக் கையில் கொடுத்தார்.

"இது பேப்பருக்கு. அடுத்த வருசமும் வெட்டணும்ல. என்னுதைத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்."