நாத்தனாரின் ஒற்றைக்கால் பாய்ச்சல்

நடன டீச்சருக்குக் குறும்பு கூடப் பிறந்தது. நாற்பது வயதாகியும் அடங்கவில்லை. சனிக்கிழமை வகுப்புக்குப் புகழ்பெற்ற ஆட்டக்காரர்களின் படங்களைக் கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டுவார். "ஈயடிச்சான் காப்பி அடிச்சா எனக்குப் பிடிக்காது. அவங்ககிட்டேருந்து ஒரு கையையோ காலையோ எடுத்துக்கங்க. ஆட்டம் உங்களோடதா இருக்கணும்" என்பார்.

ஒரு சனிக்கிழமை அப்படி ஒட்டிக்கொண்டே வந்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டு ஆல்பத்துப் படமொன்று அந்தப் படக்கட்டோடு கலந்து சுவரேறியிருந்தது. அவருடைய நாத்தனார்! வங்கியில் கேஷியர், அதட்டினால் வரிசையே நேராகிவிடும். அப்பேர்ப்பட்டவர் கரப்பான்பூச்சியைக் கண்டு நாற்காலிமேல் பாய்ந்த நொடியில், டீச்சரின் கணவர் எடுத்த படம் அது. ஒரு கால் அந்தரத்தில், கையில் துடைப்பம், வாய் குகை மாதிரி.

"இவங்க யாரு டீச்சர்?" என்றாள் முன்பல் விழுந்த ஒரு சிறுமி.

கிழித்து எடுத்திருக்கலாம். நாக்கு முந்திக்கொண்டது. "பெரிய ஆளு! இவங்க குதிச்சா தரைக்கு வரவே நேரமாகும்."

அவ்வளவுதான், மற்ற படங்களை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஒன்பது பிள்ளைகளும் துடைப்பத்தோடு பாய்ந்தார்கள், அந்தரத்தில் உறைந்தார்கள், சத்தமே வராமல் அலறினார்கள். சிரிப்பை அடக்கக் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டிருந்த டீச்சர், மூன்றாவது வாரம் அதை வாயிலிருந்து எடுத்துவிட்டார். ஆட்டம் நிஜமாகவே நன்றாக இருந்தது.

ஆண்டு விழாவுக்குக் கணவர் சும்மா வராமல் அக்காவையும் கூட்டி வந்து முதல் வரிசையில் உட்காரவைத்தார். ஆட்டம் முடிந்ததும் முன்பல் இல்லாதவள் மேடையிலிருந்தே கைநீட்டினாள். "டீச்சர், அவங்கதான்!"

ஒன்பது பேரும் சுவரிலிருந்து உரித்து வைத்திருந்த படத்தையும் நோட்டுகளையும் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்க் கையெழுத்துக் கேட்டார்கள். நாத்தனார் படத்தைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். பேனாவைத் திறந்து ஒன்பது நோட்டிலும் நிதானமாகக் கையெழுத்திட்டார்.

"நல்லாத்தான் ஆடுனீங்க. ஆனா குதிக்கும்போது எல்லாரும் கீழே பாக்குறீங்க. பயந்தவ கண்ணை இறுக்கி மூடிக்குவா. அடுத்த தடவை சரியா செய்யணும், என்ன?"

பிள்ளைகள் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

வாசலில் டீச்சர் பம்மிப் பம்மிப் பக்கத்தில் போனார். "மன்னிச்சிடுங்க அண்ணி..."

"அது கிடக்கட்டும். பிள்ளைங்ககிட்ட என்னைப் பெரிய ஆளுன்னு சொன்னியாமே. வேற என்ன சொன்னே?"

"அவ்வளவுதான் அண்ணி."

"இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம்" என்றபடி நாத்தனார் செருப்பை மாட்டினார்.