வாசலில் நிறுத்திய அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களுமான நீங்கள் அவரை நன்கு அறிவீர்கள். அவரிடம் ஒருமுறையேனும் திட்டு வாங்காதவர் உங்களில் குறைவு. தங்கையான நான் வாங்கியதற்கு அளவே இல்லை.

நாமகிரிப்பேட்டை பக்கம் மஞ்சளும் மரவள்ளியும் விளைந்த தோட்டத்தில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். அப்பா இளம் வயதிலேயே காலமானதால் பள்ளியோடு நின்று அம்மாவுடன் காட்டு வேலைக்குப் போனார். பள்ளி நின்றாலும் படிக்கிற பழக்கம் நிற்கவில்லை. மாத்திரை அட்டை, உரமூட்டை, பிஸ்கட் உறை எதுவானாலும் பொடி எழுத்து வரை படித்துவிட்டுத்தான் கீழே வைப்பார். பின்னர் நாமக்கல்லில் லாரி வைத்திருந்த மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டார். மாமா வடக்கே லோடு போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். படுக்கையில் கிடந்த மாமியார், மகனின் படிப்பு எல்லாம் அக்கா தலையில். முகம் சுளிக்காமல் செய்தார் என்று எழுத ஆசைதான். சுளிப்பார், ஆனால் வேலை ஒருநாளும் நின்றதில்லை.

மகனுக்குக் குமாரபாளையத்தில் பெண் பேசி, பெண் வீட்டார் வீடு பார்க்க வருவதாக இருந்த நாளைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். அதற்கு முன் கூடிவந்த சம்பந்தங்கள் கலைந்து போயிருந்தன. இதுவாவது அமைய வேண்டும் என்று அக்கா குலதெய்வத்துக்கு வேண்டியிருந்தார். ஜன்னல் கம்பிகளுக்கு எனாமல் பெயிண்ட் அடிக்கும் பொறுப்பை மாமா தானாகவே எடுத்துக்கொண்டார். அதில் கலக்க, லாரிப் பட்டறையிலிருந்து ஒரு கேன் தின்னர் வந்து இறங்கியது.

“ஏனுங்க, டின்னுல டர்பன்டைன் கலக்கச் சொல்லித்தானுங்க போட்டிருக்குது. இது தின்னருங்க,” என்றார் அக்கா.

“லாரிக்கே அடிக்கறோம், ஊட்டு ஜன்னலுக்கு ஆகாதா? நீ போயி பலகாரத்தப் பாரு.”

லாரிக்காரருக்கு மட்டுமே வரக்கூடிய தைரியம் அது. மாமா இதைப் படித்து முறைக்கட்டும், பரவாயில்லை. தின்னர் பட்டதும் கம்பியிலிருந்த பழைய பெயிண்ட் சுருங்கிக் கிளம்பிவிட்டது. விருந்தாளி வரும் நேரத்தில் ஜன்னல் அம்மை போட்டதுபோல் நின்றது. மாமா பதறிப்போய் அதைத் துடைத்தெடுக்க இன்னும் தின்னரைத் துணியில் நனைத்தார். ரோட்டுப் புழுதி ஈரத்தில் ஒட்டும் என்று ஜன்னலெல்லாம் முன்பே சாத்தியிருந்தார். அவசரத்தில் அவர் கால் இடறிக் கேன் சாய்ந்தது. தின்னர் கூடத்துத் தரையெல்லாம் ஓடிப் பூஜை அறை வாசலில் தேங்கியது.

பொழுது சாய்ந்திருந்தது. ஒத்தாசைக்கு வந்திருந்த நான் விளக்கேற்றத் தீப்பெட்டியோடு வந்தேன்.

“பத்த வெக்காத சாமி! அதக் கொண்டுட்டு வெளிய ஓடு!” என்று அக்கா போட்ட சத்தத்தில் தீப்பெட்டியோடு தெருவுக்கு ஓடினேன். “நீங்க சுவிச்சத் தொடாதீங்க! வாங்க வெளிய!”

மாமாவின் கை சுவிட்சுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. அடுப்படியில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒரு கதவுதான். அக்கா வெளியே சுற்றி ஓடிப் பின்வாசல் வழியாக நுழைந்து அடுப்பை அணைத்தார். வெளிச்சுவரில் இருந்த மெயின் சுவிட்சையும் இறக்கினார். வீடு இருண்டது. அந்த நேரம் பார்த்துப் பெண் வீட்டார் கார் வந்து நின்றது.

அக்கா கேட்டைச் சாத்திக் குறுக்கே நின்றார். “வாங்க. ஆனா இப்ப உள்ள வர வேண்டாங்க.”

பெண்ணின் பெரியப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. “ஊடு பாக்க வந்தவங்கள இருட்டுல, வாசல்ல நிறுத்தறீங்களா? சகுனமே சரியில்லீங்க. எல்லாரும் ஏறுங்க வண்டில.”

“உள்ள கூப்புடு, வெறும் நாத்தந்தான், ஒண்ணும் ஆகாது,” என்று மாமா பின்னாலிருந்து கெஞ்சினார். அக்கா கேட்டை மட்டும் விடவில்லை.

“உள்ள தின்னர் கொட்டிக் கெடக்குதுங்க. ஒரு பொறி போதும். கோவிச்சுட்டுப் போறதுன்னா போங்க. உசுரோட போங்க, சாமி.”

பெரியப்பா காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். எல்லாம் முடிந்தது என்றே நான் நினைத்தேன். அப்போது பெண்ணின் அம்மா, ஏறப்போனவர், கார் கதவைச் சாத்தினார்.

“நம்ம புள்ளய இந்தம்மாகிட்ட உட்டுட்டு நிம்மதியாத் தூங்கலாமுங்க. வாசம் போகட்டும், இருந்து பாத்துட்டே போலாம்,” என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டு, ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துகொண்டார்.

பெரியப்பாவும் இறங்கி வந்தார். ஜன்னல்களை வெளியிலிருந்தே திறந்துவிட்டு, தின்னர்மேல் மண்ணைக் கொட்டி அள்ளி, நனைந்த துணிகளை வெட்டவெளியில் விரித்துப் போட்டோம். பலகாரத்தை வாசலிலேயே பரிமாறினோம். பின்னொரு நாள் டர்பன்டைன் வாங்கி, எல்லாவற்றையும் திறந்துவைத்து, கெட்டிப்பட்ட பெயிண்டில் மட்டும் கொஞ்சமாக ஊற்றி, அக்காவே கம்பிகளுக்கு அடித்து முடித்தார். மாமா டின்னைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

கடைசி மாதங்களில் அக்காவைப் பக்கவாதம் படுக்கையில் தள்ளியது. சேலத்தில் சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும், அழைத்த நேரமெல்லாம் வண்டி எடுத்த அக்கம்பக்கத்தாருக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அக்காவைக் குழந்தைபோலத் தூக்கிக் குளிப்பாட்டி, ஊட்டி, கடைசியில் கண்களை மூடிவிட்டவள் அந்தக் குமாரபாளையத்துப் பெண். மருமகளே, உனக்கு நாங்கள் நன்றி சொல்லப்போவதில்லை, நீ எங்கள் வீட்டுப் பெண். நன்றி உன் அம்மாவுக்கு. அன்று அவர் காரில் ஏறியிருந்தால், எங்கள் அக்காவுக்கு நீ கிடைத்திருக்க மாட்டாய்.