அந்த நொடிக்கு எப்படிப் போவது?

ஆடியோ எடிட்டிங்கில் வெட்டுவது ஒரு நொடி வேலை. எங்கே வெட்டுவது என்று தேடுவதுதான் பொழப்பே. காதில் ஹெட்போனும் கழுத்தில் வலியுமாக உட்கார்ந்து, திரையில் ஓடும் அந்தக் கோட்டைத் துரத்திக்கொண்டிருக்கும் சக எடிட்டர்களே, செஞ்சி திருவண்ணாமலை ரோட்டில் ஒரு மாடி அறையில் நானும் அதைத்தான் செய்கிறேன். எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர்களில் பாதிப் பேர் கம்ப்யூட்டரையே தொடாத என் வாடிக்கையாளர்கள்.

ராஜா விழுந்த இடம்

கடை திறந்த புதிது. மேல்மலையனூர் பக்கத்திலிருந்து ஒரு கூத்துக் கலைஞர் வந்தார். ராஜா வேஷம் கட்டுபவர். விடிய விடிய நடந்த கூத்து முழுவதும் ஒரே ஃபைலாக பென்டிரைவில் இருந்தது. ராஜா அடிபட்டு விழும் கட்டத்தை மட்டும் தனியாக எடுத்துத் தர வேண்டும். வெளியூரில் ஒருவர் கேட்டுவிட்டுப் பிடித்திருந்தால் கூத்து நடத்தக் கூப்பிடுவாராம். மௌஸால் கோட்டை இழுத்தேன். விழுகிறார். கொஞ்சம் முன்னால் வைக்கலாம் என்று இழுத்தால் எழுந்து வசனம் பேசுகிறார். மறுபடி இழுத்தால் விழுந்து முடித்து, சம்சாரம் ஒப்பாரி வைக்கிறாள். ஒருமுறை கண்டுபிடித்த இடத்தைத் திரும்பப் பிடிக்க முடியவில்லை. எனக்கு வியர்த்துவிட்டது.

ஸ்பீக்கரில் வந்த ஒப்பாரிச் சத்தம் கேட்டுப் பயந்துபோய், பக்கத்து வீடியோ கடை முருகன் அண்ணன் எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, திரையின் கீழே இருந்த நேரக் கட்டத்தைக் காட்டினார். “கோட்ட ஏன் துரத்துற? ராஜா விழுறப்ப இதுல இன்னா நம்பர் ஓடுதுன்னு பாரு. அதையே இங்க டைப் பண்ணி என்டர் தட்டு. நேரா அங்க போயி நிக்கும்” என்றார். தட்டினேன். நின்றது. முருகன் அண்ணனுக்கு என் வாழ்நாள் முழுக்க டீ வாங்கிக் கொடுத்தாலும் தகும். கலைஞர் மட்டும் பெருமூச்சு விட்டுச் சொன்னார்:

“ராத்திரி நான் ஒரு வாட்டிதாம்மா செத்தேன். உங்கிட்ட வந்து எத்தினி வாட்டி சாவறது!”

கால் தட்டும் இடம்

பள்ளி ஆண்டு விழா வந்தால் டான்ஸ் டீச்சர்கள் படையெடுப்பார்கள். நாலு பாட்டை ஒட்டி ஒன்றாக்க வேண்டும். எங்கே வெட்ட வேண்டும் என்று கேட்டால் யாரும் நிமிடக் கணக்கு சொல்ல மாட்டார்கள். “அந்த டொய்ங் வருது பாருங்க, அதுக்கு முன்னாடி டக்குன்னு” என்பார்கள். ஒரு பாட்டில் டொய்ங் எத்தனை இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். ஒரு டீச்சரோடு பேசிப் பேசி, இரண்டு பேருக்கும் கோபம் வரும் நிலைக்குப் போய்விட்டது. கடைசியில் அவரை எழுந்து நிற்கச் சொன்னேன். “பாட்டு ஓடட்டும். நீங்க ஆடுங்க. புள்ளைங்க கால் தட்டற இடத்துல எல்லாம் இந்த ‘எம்’ எழுத்தைத் தட்டுங்க” என்றேன். அந்த எழுத்தைத் தட்டினால் பாட்டை நிறுத்தாமலே அந்த இடத்தில் ஒரு சின்னக் கொடி விழும். அதற்கு மார்க்கர் என்று பெயர். டீச்சர் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, இடது கையால் அபிநயமும் வலது கையால் ‘எம்’முமாக ஆடி முடித்தார். பாட்டின் அலைக்கோட்டைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு கொடியும் மேளம் விழும் இடத்திலேயே நின்றது; எங்கே வெட்டுவது என்று இனிக் கேட்கவே வேண்டாம். டீச்சர் திரையில் கை வைத்து வரிசையாகத் தடவிப் பார்த்தார்.

“இத்தன வருசமா கால்ல போட்ட தாளத்த இன்னிக்குத்தான் கண்ணால பாக்கறேன்.”

அரிசி மில் பக்கம்

அமாவாசைக்கு ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிப் போடும் அன்னதான அறிவிப்புக்கு என் குரல்தான். ஒரு தடவை ஏரிக்கரை ஓரம் சாப்பாடு என்று பேசிக் கொடுத்துவிட்டேன். காலையில் பெய்த மழையில் அந்த இடம் சேறாகிவிட்டது. பந்தலை அரிசி மில் வளாகத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆட்டோ டிரைவர் வண்டியை அணைக்காமலே மேலே ஓடி வந்தார். “அக்கா, ஜனம் கொழந்தய தூக்கிக்கினு ஏரிக்கரைக்குப் போவுது, சீக்கிரம்!” அறிவிப்பில் எங்கெல்லாம் ஏரிக்கரை வருகிறதோ அங்கெல்லாம், டீச்சர் புண்ணியத்தில், பேசும்போதே கொடி நட்டிருந்தேன். “அரிசி மில்” என்று புதிதாகப் பேசி, ஒரு கொடியிலிருந்து அடுத்த கொடிக்குத் தாவித் தாவி ஒட்டினேன். சாயங்காலம் அவரே திரும்பி வந்து, எல்லோரும் சாப்பிட்டுவிட்டார்கள் என்று எனக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தார்.

“ஊரே நீ சொல்ற பக்கம் திரும்புதுக்கா. எங்கூட்ல நான் சொன்னா டிவி சவுண்டு கூட கொறைய மாட்டேங்குது.”

ஏழுமலை அண்ணன் குரல்

தொண்டூர் ஏழுமலை அண்ணன் லோடு ஆட்டோவில் காய்கறி விற்பவர். அவர் மைக்கைப் பிடித்தால் இரண்டு தெரு தாண்டிக் கேட்கும். ஒருநாள் அவரும் அவர் மனைவியும் வந்தார்கள். தொண்டையில் ஆபரேஷன். அதற்குப் பிறகு குரல் இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். “பேச வேண்டியத எல்லாம் இப்பவே பேசி வெச்சிக்கறேன்மா” என்றார் அண்ணன், ஏதோ ஊருக்குக் கிளம்புகிறவர் மாதிரி.

கத்திரிக்காயில் ஆரம்பித்தார். எல்லாக் காயும் சொன்னார். தீந்துடுச்சி என்றார், நாளைக்கு எடுத்தாறேன் என்றார். ஜனங்கள் வழக்கமாகக் கேட்பதற்கெல்லாம் பதில் சொன்னார். நடுவில் இருமல், நடுவில் அழுகை. அதையெல்லாம் நிறுத்தாமல் ஓடவிட்டு, ஒவ்வொரு பேச்சின் தொடக்கத்திலும் கொடி நட்டுக்கொண்டே வந்தேன். மனைவியின் பெயரை மட்டும் இரண்டு விதமாகக் கூப்பிட்டார்: கோபமாக ஒன்று, சாதாரணமாக ஒன்று. அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொடி கொடியாக வெட்டி, போனில் ஒரு பொத்தானுக்கு ஒரு பேச்சு என்று போட்டுக் கொடுத்தேன். இழுத்து இழுத்துத் தேடும் பழைய ஆளாக இருந்திருந்தால், ஆபரேஷனுக்கு முன்னால் அதை முடித்திருக்கவே மாட்டேன்.

சில மாதம் கழித்து, கீழே தெருவில் அதே குரல். கத்திரிக்கா, வெண்டக்கா என்று. படியில் ஓடி இறங்கினேன். அண்ணன் மெலிந்திருந்தார், கழுத்தில் துண்டு. பழக்கத்தில், “எப்டி இருக்கீங்கண்ணா?” என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சிரித்தபடி போனில் ஏதோ தேடினார். ஒரு பொத்தானை அழுத்தி, என் பக்கம் நீட்டினார்.

“நல்லா இருக்கறேம்மா. நீ சாப்டியா?”

எந்த நொடிக்கும் கண் இமைப்பதற்குள் போய் நிற்கத் தெரிந்த எனக்கு, நேரத்துக்குச் சாப்பாட்டுக்குப் போகத்தான் இன்னும் தெரியவில்லை. நல்லவேளை, அதைக் கேட்கவும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள்.