மீன் மேல் போட்ட பழி

2006 நவம்பர் 20, திங்கட்கிழமை, காலை பத்தேகால் மணி, விடாத மழை. ரெட்டியார்பாளையத்தில் தோல் டாக்டர் முன்னால் கழுத்தைச் சொறிந்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"மீன், கத்தரிக்காய் எல்லாம் நிறுத்தி ரெண்டு வருஷமாச்சுங்க. அரிப்பு போகல."

அவர் என் காதோரத்தைப் பார்த்தார். "மீன் என்னய்யா பண்ணுச்சு? தலைக்குப் பூசுற டைதான் உங்களுக்கு ஒத்துக்கல. அதை விடுங்க."

விட்டேன். மூன்றே வாரத்தில் அரிப்பு போய்விட்டது.

என் மனைவிக்கு மீன் என்றால் உயிர். நான் பத்தியம் இருக்கும்போது வீட்டில் மீன் வாசமே வரக்கூடாது என்று சொல்லியிருந்தேன்.

"மீன் மேல பழி போடாம ஒரு டாக்டரைப் பாருங்களேன்" என்பாள்.

"வெட்டிச் செலவு" என்பேன்.

நான் டாக்டரிடம் போவதற்கு நான்கு மாதம் முன்பு, மீன் குழம்பு வாயில் படாமலே அவள் இறந்துபோனாள்.

டாக்டர் வாங்கியது நூறு ரூபாய்.